திரையிற் சிதையும் தமிழெழுத்து
(லினக்ஸ் கணினியின் காட்சிப் பிழைகளும் அவற்றை நீக்கும் முறையும்)

எழுத்தைப் பிழையறக் கற்பித்தல் தமிழாசிரியர் கடன். எழுத்து ஏட்டிலும் கரும்பலகையிலும் மட்டுமே வாழ்ந்த காலத்தில் அக்கடனை ஆற்றுதற்குச் சுண்ணக்கட்டியும் பொறுமையும் போதியனவாயிருந்தன. இன்றோ அட்டன், நுவரெலியாப் பகுதிகளின் தோட்டப் பாடசாலைகளிலும் மாணவர் தமிழைக் கணினித் திரையிற் படிக்கின்றனர். திரை பழுதுபடின் எழுத்தும் பழுதுபடும். ஆதலின், பயிற்றப்பட்ட தமிழாசிரியராகிய யாம் கணினித் துறையினுட் புகுந்து எழுதுவதை இம்மலரின் வாசகர்கள் அத்துமீறலெனக் கொள்ளார் என நம்புகின்றோம்.

விண்டோஸ் 10க்கு இலவசமாக அளித்துவந்த பொதுப் பராமரிப்பை மைக்ரோசாவ்ட் நிறுவனம் 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்தியது. பழைய மாணவர்கள் கொழும்பிலிருந்தும் கடல்கடந்த நாடுகளிலிருந்தும் அன்போடு அனுப்பும் கணினிகளுட் பல விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதியற்றவை. அவற்றுக்கு லினக்ஸ் மறுவாழ்வளிக்கும். தமிழ்நாட்டரசு 2011இல் மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிகணினிகளில், சீ-டாக் நிறுவனம் ஆக்கிய பாஸ் லினக்சும் இடம்பெற்றதை அறிந்தோர் இதனைப் புதுமையெனக் கருதார். ஆயினும், லினக்சை நிறுவியவுடன் திரை அகன்று மங்கித் தோன்றுமாயின், “இது நமக்கு ஒத்துவராது” என்று கைவிடுவோரே பலர். அக்கணினி ஒரு மூலையிலே தூசு படிந்து கிடக்க, பிள்ளைகள் நால்வர் ஐவராய் எஞ்சிய கணினிகளைச் சூழ்ந்து நிற்பர். நோய் பெரும்பாலும் சிறிது. அதனை அறியாமையாற் பொறியையே இழக்கின்றோம்.

மங்கிய திரையால் தமிழுக்கு நேரும் கேடு ஆங்கிலத்துக்கு நேர்வதினும் பெரிது. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் விதி. ஓலையில் எழுதினோர் புள்ளியை விட்டுவிட்டமையால் உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் பட்ட இடர் யாவரும் அறிந்தது. அவர்கள் தம் கல்வியின் துணைகொண்டு இல்லாத புள்ளியை இட்டுப் படித்தனர். மூன்றாந் தரத்துப் பிள்ளைக்கு அஃது இயலுமா? திரையிற் புள்ளி கரையின் ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும்; ‘கண்’ என்பது ‘கண’ ஆகிவிடும். பிள்ளை பிழையாகப் படிக்கின்றான் என்று நாம் கடிந்துகொள்வோம். அவன் கண்டதைத்தான் படித்தான்.

புள்ளி கரைவது எங்ஙனம்? தட்டைத் திரையில் பிக்சல் எனப்படும் நுண்ணிய ஒளிப்புள்ளிகள் மாறா எண்ணிக்கையில் அமைக்கப்பட்டுள்ளன. பழைய அகலத்திரைகள் பலவற்றில் அவை குறுக்கே 1366, நெடுக்கே 768. அதுவே அத்திரையின் இயற்கைத் தெளிவுத்திறன். கணினியோ 1024க்கு 768 என்ற அளவிலே படத்தை அனுப்பின், திரை அதனைக் குறுக்கே மூன்றிலொரு பங்கு இழுத்து நிரப்பும். ஒரு புள்ளியின் ஒளி அண்டைப் புள்ளிக்கும் பகிரப்பட, எழுத்துப் பருத்து விளிம்பு மழுங்கும்.

கணினி ஏன் தவறான அளவை அனுப்புகின்றது? ஒவ்வொரு திரையினுள்ளும் அதன் இயல்பைக் கூறும் சிறு குறிப்பொன்று பொதிந்துள்ளது. இடிஐடி எனப்படும் அதன் அடிப்படைப் பகுதி 128 பைட்டுகளே கொண்டது. கணினி தொடங்குகையில் வடத்தின் வழியே அக்குறிப்பைப் படித்துத் தக்க அளவைத் தேர்கின்றது. பழைய விஜிஏ வடத்தின் முனையிலுள்ள 15 ஊசிகளுள் 12ஆவதும் 15ஆவதும் இப்பணிக்குரியன. அவற்றுள் ஒன்று வளைந்தாலும், எம் மலைநாட்டுப் பனியீரத்தாற் களிம்பேறினாலும், மலிவான வடத்தில் அக்கம்பிகளே இல்லாதுபோயினும், நிறம் குன்றாது படம் வரும். குறிப்பு மட்டும் வாராது. குறிப்பைப் பெறாத லினக்ஸ் 1024க்கு 768 என்னும் அளவோடு அமைதி கொள்ளும். ஆதலின், முதற்கண் தொடவேண்டியது வடத்தையே. கணினியை நிறுத்தி, வடத்தைக் கழற்றி, ஊசிகளை உற்றுநோக்கி, நன்றாக இயங்கும் வேறொரு வடத்தை மாட்டிப் பார்க்க. பொறிகளை அனுப்பும் பழைய மாணவர்கள் அவற்றோடு வந்த வடத்தையும் சேர்த்து அனுப்புவாராயின் பேருதவியாகும்.

வடம் நன்றாயிருந்தும் பிழை தீராவிடின், டிரைவர் எனப்படும் செலுத்தி மென்பொருளை நாடுக. முனையத்தில் ‘எல்எஸ்பிசிஐ’ என்னும் கட்டளையைக் ‘கே’ என்னும் குறியோடு தட்டச்சிடின், வரைவியற் பகுதியை எச்செலுத்தி இயக்குகின்றது என்பது தெரியும். இன்டெல், ஏஎம்டி ஆகியவற்றுக்குரிய செலுத்திகள் லினக்சின் கருவுடனேயே வருதலின், விண்டோசிற்போல இணையத்திலே தேடியலைய வேண்டுவதில்லை. என்விடியாவுக்கு நூவோ என்னும் கட்டற்ற செலுத்தி உண்டு. அந்நிறுவனத்தின் செலுத்தி வேண்டுமாயின் உபுண்டு, மின்ட் ஆகியவற்றிலுள்ள டிரைவர் மேலாளர் பரிந்துரைப்பதையே நிறுவுக. புதியதே சிறந்ததெனக் கருதலாகாது. பழைய அட்டைகளைப் புதிய செலுத்திகள் ஏற்பதில்லை.

ஈண்டு ஒரு மறைவான பொறி உண்டு. நிறுவும்போது திரை இருண்டுவிடின் ‘நோமோட்செட்’ என்னும் சொல்லைத் தொடக்கக் கட்டளையிற் சேர்க்குமாறு அறிவுரை கூறுவர். அது செலுத்தி திரையை ஆளாதவாறு தடுத்து, நிறுவுதற்கு வழிவிடும். நிறுவிய பின்னும் அச்சொல் கிரப் என்னும் தொடக்க நிரலின் கோப்பிலே தங்கிவிடின், காலுடைந்தோன் எலும்பு கூடிய பின்னும் கட்டை அவிழ்க்காதது போலாகும். இதனை அறிய எளிய வழி ஒன்றுண்டு. ‘எக்ஸ்ரேண்டர்’ கட்டளை ஒரேயோர் அளவை மட்டும் காட்டின் இச்சொல்லையோ செலுத்தியையோ ஐயுறுக. 1024க்கு 768 வரை பல அளவுகளைக் காட்டின் வடத்தை ஐயுறுக. அச்சொல்லை நீக்கி, கிரப்பைப் புதுப்பித்து, மீளத் தொடங்குக.

மாற்று வடம் கிடைக்காத இடத்து, அளவை நாமே கற்பிக்கலாம். ‘சிவிடி’ கட்டளையிடம் 1366, 768 எனக் கூறின், அது எட்டால் வகுபடும் 1368க்கே கணக்குத் தரும், இது பிழையன்று. அவ்வரியை ‘எக்ஸ்ரேண்டர்’ மூலம் சேர்க்கலாம். எனினும், வெளியேறியதும் அது மறைந்துவிடுமாதலின் தொடக்கக் கோப்பில் எழுதிவைத்தல் வேண்டும். வேலண்ட் முறையில் இயங்கும் மேசைத்தளத்தில் இவ்வழி செல்லாது. நுழைவுத் திரையில் எக்ஸ் முறையைத் தேர்ந்துகொள்ள இடமிருப்பின் தேர்ந்துகொள்க.

இறுதியாக, நாற்பதைத் தாண்டிய எம்போன்ற ஆசிரியர்க்கு ஒரு சொல். எழுத்துச் சிறிதாயுள்ளது என்று தெளிவுத்திறனைக் குறைத்துவிடும் வழக்கம் எம்மிடையே உண்டு. அஃது எழுத்தைப் பெருக்குமேயன்றித் தெளிவாக்காது. தெளிவுத்திறனை இயற்கை அளவிலே நிறுத்தி, அமைப்பிலுள்ள எழுத்துருவின் அளவை மட்டும் கூட்டுக. பின்னர் ‘பல்’, ‘பல’ என்னும் இரண்டையும் அருகருகே தட்டச்சிட்டு, கடைசி வாங்கிலிருக்கும் பிள்ளையை அழைத்துப் படிக்கச் சொல்லுக.