எரிபொருள் மின்கலமும் சேமக்கலமும்

ஊற்றுக் குறைந்த கிணற்றையுடைய குடியானவர், இரவெல்லாம் ஊறும் நீரைத் தொட்டியில் தேக்கிக் காலையில் வயலுக்குப் பாய்ச்சுகிறார். ஊற்று சிறிது, ஒரு வேளைத் தேவையோ பெரிது. இரண்டையும் இணைப்பது தொட்டி. மின்சாரத்திற்கும் இம்முறை பொருந்துவதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

எரிபொருள் மின்கலம் என்பது எரிபொருளைக் கொளுத்தாமலே மின்சாரம் தரும் சாதனம். ஹைட்ரஜனும் பிராணவாயுவும் அதனுள் இரசாயன முறையில் கூடி மின்சாரம், வெப்பம், நீர் ஆகிய மூன்றையும் தருகின்றன. இத்தத்துவம் 1839ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் வில்லியம் குரோவ் என்பவரால் வெளியிடப்பட்டது.

ஓரிடத்தில் நிலையாக நிறுவப்படும் மின்கலங்களுள் திட ஆக்ஸைடு வகை ஒன்று. அது சுமார் 600 முதல் 1,000 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் இயங்குவது. அடிக்கடி நிறுத்தி ஓட்டினால், பீங்கான் போன்ற அதன் தகடுகள் விரிந்து சுருங்கி வெடிப்புக் காணக்கூடும். திடீரெனப் பளு ஏறினால், போதிய எரிபொருள் வந்து சேருமுன் மின்சாரம் இழுக்கப்பட்டு அவை பழுதாகும். ஆகவே சீராக ஓடுவதே அதற்கு ஏற்றது.

ஜப்பானில் 2009 முதல் வீடுகளுக்கென எரிபொருள் மின்கலங்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றுள் 700 வாட் திறனுள்ளவை உண்டு. அவற்றின் வெப்பம் வெந்நீராகத் தொட்டியில் சேமிக்கப்படுகிறது. மின்சாரம் போதாத வேளையில் பொது மின்கம்பி ஈடு செய்கிறது. அக்கம்பியின் உதவியில்லாத இடத்தில் அப்பணியைச் சேமக்கலமே ஏற்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு தறிக்கூடத்திற்கு நாளில் 18 மணி நேரம் 10 கிலோவாட்டும், 6 மணி நேரம் 30 கிலோவாட்டும் தேவை என்க. மொத்தம் 360 யூனிட். சராசரி 15 கிலோவாட். உச்சத் தேவையை எண்ணி 30 கிலோவாட் மின்கலம் வாங்கினால், 18 மணி நேரம் அதன் திறனில் மூன்றில் இரு பங்கு சும்மா கிடக்கும். சங்கத்தின் மூலதனம் அதில் முடங்கும்.

மாறாக, 16 கிலோவாட் மின்கலம் ஒன்றைச் சீராக ஓட்டினால், குறைந்த பளு நேரத்தில் 6 x 18 = 108 யூனிட் மிஞ்சும். சேமித்து எடுப்பதில் பத்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கொண்டாலும், 97 யூனிட் கைக்கு வரும். உச்ச நேரத்தில் குறைவது 14 x 6 = 84 யூனிட். ஆகவே போதும்.

சேமக்கலத்தை இரண்டு அளவுகளால் மதிப்பிட வேண்டும். எத்தனை யூனிட் கொள்ளும் என்பது ஒன்று. எத்தனை கிலோவாட் வேகத்தில் தரும் என்பது மற்றொன்று. மேற்கண்ட கூடத்தில் 84 யூனிட் இருப்பு இருந்தும், 14 கிலோவாட் தர இயலாவிடில் தறிகள் நின்றுவிடும். முற்றிலும் வடியவிடுவது அதன் ஆயுளைக் குறைக்குமாதலால், கொள்ளளவு சற்று மிகுந்திருத்தலும் அவசியம்.

சேமக்கலம் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. வேளை மாற்றித் தருவதே அதன் தொழில். தறிகள் பெருகிச் சராசரித் தேவை உயர்ந்தால், மின்கலத்தையே பெருக்க வேண்டும். எனவே விலைப்பட்டியல் கேட்குமுன், மணிவாரியாகத் தேவையைச் சில வாரங்கள் குறித்து வையுங்கள். பின்னர், பெரிய மின்கலத்தின் விலையையும், சிறிய மின்கலமும் சேமக்கலமும் சேர்ந்த விலையையும், அவற்றைப் புதுப்பிக்கும் செலவோடு ஒப்பிட்டுப் பொதுக்குழுவில் தீர்மானியுங்கள்.