வாயிலில் நிற்கும் காலணிகள்

நுழையும்முன்

பெங்களூரு அடுக்ககங்களில், கதவுக்கு வெளியே இருக்கும் காலணி அடுக்கைக் கண்டே அவ்வீட்டின் கதையைப் பாதி சொல்லிவிடலாம். அலுவலகத்திற்குரிய தோல் காலணி, பள்ளிக்குரிய கறுப்புக் காலணி, அதனுள் சுருட்டித் திணிக்கப்பட்ட காலுறை, ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தாவின் தேய்ந்த செருப்பு ஆகிய யாவும் அங்கே இருக்கும். காலணியைக் கழற்றாமல் உள்ளே வரக்கூடாது என்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை; எனினும் அனைவரும் கழற்றுகின்றனர். காலுறையையும் கழற்ற வேண்டுமா, வீட்டிற்கென்று தனிச்செருப்பு அணியலாமா என்னும் வினாக்களில்தான் வீட்டுக்கு வீடு கருத்து வேறுபடுகிறது. இவ்வழக்கத்தின் காரணங்களையும் அது நெகிழ வேண்டிய இடத்தையும் இப்பாடம் கூறுகிறது.

தரையும் தெருவும்

தமிழர் இல்லங்களில் தரை என்பது நடப்பதற்கு மட்டும் உரிய இடமாக இருந்ததில்லை. அதன்மேல் இலையிட்டு உண்டனர். பாய் விரித்து உறங்கினர். அரிவாள்மணையை வைத்துக் காய் நறுக்கினர். குழந்தை தவழ்ந்ததும் அத்தரையில்தான். உணவு மேசையின்மீது காலணியுடன் ஏறி நிற்பவர் எவரும் இலர். தரையே மேசையாகவும் கட்டிலாகவும் இருந்த வீட்டில் காலணிக்கு இடமில்லாமற் போனதில் வியப்பில்லை.

தெருவோ சாணமும் சேறும் முள்ளும் நிறைந்தது. ஆதலின் செருப்பு திண்ணையோரத்தில் நின்றது. வாயிலில் வைத்த செம்புநீரால் கால் கழுவிய பின்னரே விருந்தினர் உள்ளே வந்தனர். இதில் உடல்நலமும் அடங்கியிருந்தது. கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் ஈரமண்ணில் வாழ்ந்து, வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுபவை. எனவே வெளியே காலணி அணிவதும் உள்ளே அதனைக் கழற்றுவதும் ஒரே எச்சரிக்கையின் இரு பக்கங்கள் ஆகும்.

தமிழர்க்குக் காலணி புதிதன்று. சங்க நூல்களில் அது ‘தொடுதோல்’ எனப்படுகிறது. ‘செருப்பு’ என்னும் சொல்லும் அவற்றில் உண்டு. பகைவருக்கு ஓயாத் தொல்லை தரும் வீரன் ஒருவனைச் செருப்புக்குள் புகுந்துகொண்ட சிறு பரற்கல்லுக்கு ஒப்பிடுகிறது புறநானூற்றுப் பாடல் ஒன்று. பள்ளிக் காலணிக்குள் மணல் புகுந்து துன்புற்ற எந்த மாணவருக்கும் இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. காலுறை மட்டும் பிற்காலத்தில் வந்தது. முன்னாளில் அதனை ‘மேஜோடு’ என்றும் வழங்கினர். இன்று பேச்சில் ‘சாக்ஸ்’ என்பதே நிலைத்துவிட்டது. கன்னட நண்பர்கள் அதனைக் ‘காலுச்சீல’ என்பர். ‘சீல’ என்றால் பை. காலுக்கு இட்ட பை எனப் பொருள்படும் அச்சொல் ‘காலுறை’ என்னும் தமிழ்ச் சொல்லுக்கு நெருங்கிய உறவு.

பெங்களூருவின் குளிர்

கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பெங்களூரு அமைந்துள்ளது. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் இங்குள்ள கருங்கல் தரையிலும் பளிங்குத் தரையிலும் கால் வைத்தால் உடல் சிலிர்க்கும். உண்மையில் அத்தரை, அருகிலுள்ள மரப்பலகையைவிடக் குளிர்ந்தது அன்று. இரண்டின் வெப்பநிலையும் ஒன்றே. கல் உடலின் வெப்பத்தை விரைந்து கடத்திக்கொள்கிறது. மரம் மெல்லக் கடத்துகிறது. அதனால்தான் கல்தரை குளிர்வதாகப் பாதம் உணர்கிறது.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் வீட்டிலும் காலுறையுடன் உலவ விரும்புகின்றனர். மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்து தங்கும் பாட்டிக்கு அது பிடிப்பதில்லை. வெறுங்காலே தூய்மை என்பது அவர் கருத்து. இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆயினும் காலை முதல் மாலை வரை பள்ளிக் காலணிக்குள் இருந்த காலுறையுடன் அடுக்களை வரை ஓடும் பழக்கத்திற்கு எந்த நியாயமும் இல்லை. மனிதரின் இரு பாதங்களிலும் ஏறத்தாழ 2,50,000 வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. அவ்வியர்வையில் நுண்ணுயிர்கள் பெருகுவதாலேயே நாற்றம் எழுகிறது. வீட்டில் அணியும் காலுறை வேறாக இருத்தல் நன்று. வழவழப்பான தரையில் காலுறை வழுக்கும் என்பதையும் மறத்தலாகாது. அடியில் ரப்பர்ப் புள்ளிகள் பதித்த காலுறைகள் இதற்கெனவே கிடைக்கின்றன.

சப்பானியர் இல்லங்களில் ‘கெங்கன்’ எனப்படும் தாழ்வான இடைகழி உண்டு. காலணியை அங்கே கழற்றி, வீட்டுச்செருப்பை அணிந்து மேலேறுவர். பாய் விரித்த அறையில் அச்செருப்பையும் விடுத்துக் காலுறையுடன் மட்டுமே நடப்பர். கழிவறைக்கோ வேறொரு செருப்பு. கனடாவில் வாழும் தமிழர், பனியில் நனைந்த காலணியை ஊர் வழக்கம் கருதியும் கழற்றுகின்றனர். தரை ஈரமாகும் என்று கருதியும் கழற்றுகின்றனர்.

கழற்றச் சொன்னவர் யார்?

தன் வீட்டுத் தரையை மதித்துத் தானே காலணியைக் கழற்றுவது ஒன்று. பிறர் அதிகாரத்திற்கு அஞ்சிக் கழற்றுவது முற்றிலும் வேறு. ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வேறுபாடு பெரும் சிக்கலாயிற்று. அதிகாரிகளைக் காணச் செல்லும் இந்தியர் காலணியைக் கழற்ற வேண்டுமென எதிர்பார்க்கப்பட்டது. 1854-ஆம் ஆண்டு, டல்ஹவுசி பிரபு தலைமை ஆளுநராக இருந்த காலத்தில், ஐரோப்பிய முறைக் காலணியும் காலுறையும் அணிந்த இந்தியர் அரசு நிகழ்ச்சிகளில் அவற்றைக் கழற்ற வேண்டியதில்லை என வங்காளத்தில் ஆணை பிறந்தது. நம் நாட்டுச் செருப்பை அணிந்தவருக்கு அச்சலுகை இல்லை! 1862-இல் சூரத் நகர நீதிமன்றத்திற்குக் காலணியுடன் செல்ல உரிமை கோரிய மானக்ஜி கவாஸ்ஜி என்டி என்னும் பார்சி வகுப்பினரின் வழக்கு அந்நாளில் பெரிதும் பேசப்பட்டது. இதே ஆங்கிலேயர், பர்மா மன்னர் மிண்டோனின் அவையில் தம் தூதர் காலணியைக் கழற்றுவதை இழிவெனக் கருதி, 1875-க்குப் பின் அதனை மறுத்தனர். தமக்கொரு நீதி, பிறர்க்கொரு நீதி.

அயலவரை மட்டும் குறை கூறுதல் முறையாகாது. தமிழகச் சிற்றூர்கள் பலவற்றில், ஒடுக்கப்பட்ட மக்கள் ஆதிக்கச் சாதியினரின் தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துச் செல்லுமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். தோலைப் பதப்படுத்தி ஊருக்கெல்லாம் செருப்புத் தைத்தவர்களையே அச்சமூகம் ஒதுக்கியும் வைத்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதன் பின்னரும் சில ஊர்களில் இக்கொடுமை தொடர்ந்ததைக் கள ஆய்வுகளும் செய்தித்தாள்களும் பதிவு செய்துள்ளன. பொதுத்தெரு எவருடைய கூடமும் அன்று.

வலி உணராத பாதம்

பெங்களூருவிலிருந்து சென்னைக்குச் செல்லும் தொடர்வண்டி வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஊர்களைக் கடந்து காட்பாடியை அடைகிறது. ஆம்பூர் என்றவுடன் பிரியாணி நினைவுக்கு வருவது இயல்பே. எனினும் அவ்வூர் ஐரோப்பிய நாடுகளுக்குக் காலணி தைத்து அனுப்பும் ஊருமாகும். காட்பாடியில் இறங்கினால் வேலூர். இல்லத்தினுள்ளும் காலணி அணிய வேண்டியவர் உண்டு என்னும் உண்மையை உலகிற்கு உணர்த்தியதில் வேலூருக்குப் பெரும் பங்கு உண்டு.

மருத்துவர் பால் பிராண்டு ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமே அழுகி உதிர்கின்றன என்றே அக்காலத்தில் பலரும் நம்பினர். அவரோ நோயாளரின் அன்றாட வாழ்வை அருகிருந்து நோக்கினார். நோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சியைப் போக்குகிறது. வலி தெரியாததால் ஆணி குத்தினாலும், அனலில் மிதித்தாலும், செருப்பு கடித்தாலும் அவர்கள் நடந்துகொண்டே இருக்கின்றனர். புண் ஆறாமல் பெருகி, இறுதியில் விரல் அழிகிறது. குற்றவாளி நோய் மட்டுமன்று. உணரப்படாத காயமே என்று அவர் கண்டறிந்தார்.

அவர் வாழ்வில் நிகழ்ந்த ஒன்று இங்குக் குறிப்பிடத்தக்கது. நெடும்பயணத்திற்குப் பின் இங்கிலாந்தில் ஓர் இரவு காலுறையைக் கழற்றியபோது, குதிகாலில் உணர்ச்சியே இல்லாததை அறிந்தார். ஊசியால் குத்திப் பார்த்தும் வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டதென அஞ்சி அவ்விரவைக் கழித்தார். விடிந்ததும் மீண்டும் குத்தினார். வலி சுரீர் என்று ஏறியது. தொடர்வண்டியில் நெடுநேரம் அசையாமல் அமர்ந்ததால் கால் மரத்துப்போயிருந்தது, அவ்வளவே. வலித்ததற்காக அவரைப் போல் மகிழ்ந்தவர் வேறொருவர் இருந்திருப்பாரா என்பது ஐயமே.

உணர்ச்சியற்ற பாதத்தைக் காக்க வேலூரிலும் அருகிலுள்ள காரிகிரியிலும் காலணி பற்றிய ஆராய்ச்சி நடைபெற்றது. உடல் எடையைப் பாதம் முழுவதிலும் பரப்பும் மென்மையான நுண்துளை ரப்பர்ச் செருப்புகள் 1950-களில் உருவாயின. அவை நன்கு பயன்பட்டன. ஆயினும் ஒரு துன்பம் நேர்ந்தது. அச்செருப்பைக் கண்டதுமே அணிந்தவர் தொழுநோயாளர் என ஊரார் அறிந்து விலகினர். அதற்கு அஞ்சி அதனை அணிய மறுத்தோரும் உண்டு.

பாட்டியின் செருப்பு

இன்று அதே பாடம் நீரிழிவு நோயாளருக்கும் பொருந்துகிறது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு உள்ளதென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நிகழ்ந்து 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிடுகிறது. அவர்களுள் பலருக்கு நாளடைவில் பாதம் மரத்துப்போகிறது. அத்தகையோர் வெறுங்காலுடனோ, காலணியின்றிக் காலுறை மட்டும் அணிந்தோ, மெல்லிய அடியுடைய செருப்பிலோ நடக்கலாகாது என்பது பன்னாட்டு மருத்துவ வல்லுநர் குழு வகுத்த நெறி. வெளியே மட்டுமன்று, வீட்டினுள்ளும் அவ்வாறே என அது தெளிவாகக் கூறுகிறது. காலுறையின் தையல் விளிம்பு தோலை உறுத்தாதிருக்கவும் வேண்டும். குருதிக் கசிவு உடனே கண்ணுக்குத் தெரியுமாறு வெண்ணிறக் காலுறையை மருத்துவர் பரிந்துரைப்பதும் உண்டு.

இங்குதான் பல இல்லங்களில் வழக்கு எழுகிறது. “விளக்கேற்றும் வீட்டில் செருப்பா?” என்று மறுப்பவர், பெரும்பாலும் செருப்பு தேவைப்படும் பாட்டியே ஆவார். வாழ்நாள் முழுவதும் பிறர்க்குச் சொல்லிய விதியைத் தாமே மீற அவர் மனம் ஒப்புவதில்லை. அவரை நகையாடுவது பயன் தராது. அவர் அறிந்த மரபிலேயே அதற்கு விடை இருக்கிறது. இராமனின் பாதுகைகளை அரியணையில் வைத்துப் பரதன் 14 ஆண்டுகள் ஆட்சி புரிந்ததை அவரே பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லியிருப்பார். திருவரங்கத்துப் பெருமாளின் பாதுகைகளைப் போற்றி வேதாந்த தேசிகர் ஆயிரத்திற்கும் மேற்பட்ட பாடல்களில் ஒரு நூலே இயற்றினார். பெருமாள் கோவில்களில் அடியார் தலைமேல் வைக்கப்படும் சடாரியில் இருப்பவையும் திருவடிகளே. செருப்பு தன்னளவில் இழிந்ததன்று. விலக்கப்பட்டது அதில் ஒட்டிய தெருவின் அழுக்கே. தெருவையே காணாத செருப்பில் அவ்வழுக்கு ஏது?

ஆகவே சில இல்லங்களில் பாட்டிக்கென வேறு நிறத்தில் ஒரு செருப்பு வாங்கி, வாயிற்படியைத் தாண்டாமல் வைத்துள்ளனர். கிழமைதோறும் அது கழுவப்படுகிறது. பூசையறையில் மட்டும் அதனைக் கழற்றி, நாற்காலியில் அமர்ந்து வழிபடுகிறார். இரவில் அவர் பாதத்தைப் பார்த்துக் காயம் உண்டா எனக் கூறும் வேலை, குனிந்து பார்க்க இயன்ற பேரப்பிள்ளைக்கு உரியது.

கோவிலில் இத்தகைய ஏற்பாடு எளிதன்று. கோடை நண்பகலில் கொதிக்கும் கருங்கல் திருச்சுற்றில், வெப்பம் உணராத பாதம் கொப்புளித்த பின்னரே வீட்டில் தெரியவரும். பல கோவில்களில் தேங்காய் நார் விரிப்பு இடுகின்றனர். நடைபாதையில் வெண்ணிறக் குளிர்ச்சிப் பூச்சும் பூசுகின்றனர். துணிக் காலுறையுடன் வலம் வரும் முதியோரையும் காணலாம். வெயில் ஏறுமுன் சென்று வருமாறு மருத்துவர்கள் அவர்களிடம் கூறுகின்றனர்.

சொல்லும் பொருளும்

பரல் – சிறு கல். இடைகழி – வாயிலை அடுத்த நடை. பாதுகை – மிதியடி. திருச்சுற்று – கோவிலின் உட்பிராகாரம். கிழமைதோறும் – வாரந்தோறும்.

எண்ணி எழுதுக

1. கல்தரையும் மரப்பலகையும் ஒரே வெப்பநிலையில் இருந்தும் கல்தரை குளிர்வதாகத் தோன்றுவது ஏன்?

2. 1854-ஆம் ஆண்டின் ஆணை எவருக்குச் சலுகை தந்தது? எவருக்குத் தரவில்லை?

3. உங்கள் வீட்டில் காலுறை, வீட்டுச்செருப்பு ஆகியவை பற்றிய வழக்கம் யாது? அதனை ஏற்படுத்தியவர் யார் எனக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.

4. செருப்பணிய மறுக்கும் பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே நிகழும் உரையாடலை எழுதுக. பாட்டியின் கூற்றிலும் நியாயம் இருத்தல் வேண்டும்.