கொச்சியா, தூத்துக்குடியா? புதிதாகப் பெட்டி இறக்குவோருக்கு

பாலக்காட்டின் கஞ்சிக்கோட்டில் பழைய இரும்பு உருக்குகிறவரும் சரி, இடுக்கியின் வண்டன்மேட்டில் ஏலக்காய் தரம் பிரிக்க எந்திரம் வரவழைக்கிறவரும் சரி, முதல் கன்டெய்னருக்கு முன் கேட்பது இதைத்தான். தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

1. கப்பல் வாடகையை மட்டும் பார்த்துத் துறைமுகத்தை முடிவு செய்யாதீர்கள். சரக்கு உங்கள் கிடங்கில் இறங்கி, காலிப் பெட்டி கப்பல் கம்பெனியின் யார்டுக்குத் திரும்பும்வரை ஆகும் செலவு முழுவதையும் கூட்டி, கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். டெர்மினல் கூலி, டெலிவரி ஆர்டர் கட்டணம், டிரெய்லர் வாடகை, காலிப் பெட்டியைத் திருப்பும் செலவு என ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். மொத்தமாக ஒரே தொகை சொல்கிறவரை நம்பிப் பெட்டியை ஏற்றச் சொல்லாதீர்கள்.

2. தூத்துக்குடியில் இறக்கினால் தமிழ்நாட்டுக்கு ஒரு வரி, வாளையாறு தாண்டினால் கேரளத்துக்கு இன்னொரு வரி என்று இன்னும் பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. சுங்கவரி நாடு முழுவதும் ஒன்றே. பில் ஆஃப் என்ட்ரியில் உங்கள் கேரள ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்தால், துறைமுகத்தில் கட்டும் ஐ.ஜி.எஸ்.டி.யின் கிரெடிட் அந்த எண்ணுக்கே வரும். வழியில் இ-வே பில் இருந்தால் போதும். ஐரோப்பாவிலும் ரோட்டர்டாமுக்கும் ஆன்ட்வெர்ப்புக்கும் சுங்கவரி ஒன்றுதான். ஆனால் நெதர்லாந்தில் அனுமதி பெற்றவர் இறக்குமதி வாட் வரியைத் துறைமுகத்தில் கட்டாமல் கணக்கில் காட்டிக்கொள்ளலாம். நமக்கு அந்த வசதி கிடையாது. கிரெடிட் திரும்பும்வரை முடங்கும் பணத்துக்கான வட்டியையும் செலவில் சேருங்கள்.

3. கப்பல் வாடகைக்கும் வரி உண்டு. சரக்கு விலை, வாடகை, இன்சூரன்ஸ் மூன்றும் சேர்ந்த தொகைக்கே சுங்கவரி போடுவார்கள். அடிப்படை வரி 10 சதவீதமுள்ள சரக்கில் வாடகை 100 டாலர் கூடினால், வரியும் அதன்மேல் சமூகநல சர்சார்ஜும் சேர்ந்து 111 ஆகும். 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி.யோடு கையிலிருந்து போவது ஏறக்குறைய 131 டாலர்.

4. பாலக்காட்டுக்காரருக்கும் இடுக்கிக்காரருக்கும் ஒரே விடை கிடையாது. கொச்சியின் வல்லார்பாடம் முனையத்திலிருந்து கஞ்சிக்கோடு சுமார் 150 கி.மீ. வழியிலுள்ள குதிரான் மலையில் வண்டிகள் மணிக்கணக்காகத் தேங்கிய காலம் 2021-22இல் சுரங்கப்பாதைகள் திறந்தபின் போய்விட்டது. தூத்துக்குடி இதைப்போல் இருமடங்குக்கு மேல் தூரம். காலிப் பெட்டியும் அங்கேயே திரும்ப வேண்டும் என்றால் அந்தத் தூரம் இரண்டு முறை. பாலக்காட்டுக்குக் கொச்சியை விடுவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

இடுக்கியின் குமுளிக்குக் கணக்கே வேறு. கி.மீ. பார்த்தால் கொச்சிதான் பக்கம். ஆனால் முண்டக்கயம் தாண்டிக் குட்டிக்கானம், பீர்மேடு என்று மலையிலேயே நெடுந்தூரம் ஏற வேண்டும். தூத்துக்குடியிலிருந்து மதுரை, தேனி, கம்பம் வழியாக லோயர் கேம்ப் வரை சமவெளி. அதன்பின் ஏற்றம் கொஞ்சம்தான். 40 அடி பெட்டியைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றத் துணியாதீர்கள், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கம்பத்தில் கிடங்கு பிடித்துச் சரக்கைச் சிறிய லாரிக்கு மாற்றுங்கள். வண்டன்மேட்டுக்குக் கம்பம்மெட்டு வழி இருக்கிறது. மாற்றும் கூலியையும் எழுதிக்கொள்ளுங்கள்.

5. நாட்களை எண்ணுங்கள். துறைமுகத்தில் பெட்டி கிடந்தால் டெமரேஜ். வெளியே எடுத்த பெட்டியைத் திருப்பத் தாமதித்தால் டிடென்ஷன், அதுவும் பெரும்பாலும் டாலர் கணக்கில். விற்பவரிடம் பேரம் பேசும்போதே கட்டணமில்லா நாட்களை (ஃப்ரீ டேஸ்) கூட்டிக் கேளுங்கள். பெட்டி வந்தபின் கேட்டால் எளிதில் கிடைக்காது. தூத்துக்குடிக்கு வரும் பெட்டிகளில் பெரும்பகுதி கொழும்பில் கப்பல் மாறி வருபவை. அங்கே தவறவிட்ட இணைப்பு உங்கள் உலையை நிறுத்திவிடும்.

6. பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு முந்தைய நாளே தாக்கல் செய்துவிடுங்கள். தாமதமானால் முதல் 3 நாட்களுக்குத் தினம் 5,000 ரூபாய், பிறகு தினம் 10,000. துண்டாக்கப்படாத பழைய இரும்புக்கு ஏற்றுமுன் சோதனைச் சான்றிதழ் வேண்டும். அது கைக்கு வராமல் பணம் அனுப்பாதீர்கள்.

7. இன்சூரன்ஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். 2025 மே 25 அன்று எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 640 கன்டெய்னர்களோடு கொச்சிக்கு அருகே மூழ்கியது. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சி, அவ்வளவு குறுகிய பயணம்தான் அது. பாலிசி துறைமுகத்தோடு முடிகிறதா, உங்கள் கிடங்கு வாசல்வரை வருகிறதா என்று பிரீமியம் கட்டுமுன் படித்துப் பாருங்கள். மலையேறும் கடைசிப் பகுதியும் அதில் அடங்க வேண்டும்.