டவுன் ஓர ஏரியும் நம்ம குழுவும்



சென்னை சேத்துப்பட்டு ஏரியை 2016-ல் பூங்காவாகத் திறந்தார்கள். மீன்வளத்துறை ஏரி அது. நடைபாதை, படகு, தூண்டில் போட இடம் எல்லாம் வைத்தார்கள். நம்ம டவுன் பக்கத்து ஏரியையும் இப்படி ஆக்கலாமேன்னு உங்களுக்கும் தோணும். ஆக்கலாம். ஆனால் மீன்பாசி குத்தகைக்குப் பணம் கட்டும் முன் ஒருநாள் விடியற்காலையில் கரையைச் சுற்றி வாருங்கள்.

ஏன் விடியற்காலை? சாக்கடை கலந்தால் பாசி பெருகித் தண்ணீர் பச்சையாகும். பாசி பகலில் பிராணவாயு தரும், ராத்திரியில் அதுவே இழுத்துக்கொள்ளும். பொழுது விடியும்போது மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் காற்றுப் பற்றவில்லை என்று அர்த்தம். கோடையில் தண்ணீர் வற்றும்போது ஒரே ராத்திரியில் அத்தனை மீனும் செத்து மிதக்கலாம். குழுக் கடன் தண்ணீரோடு போச்சு!

தண்ணீர் நல்லா இருந்தால் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் சேர்த்து விடலாம். கட்லா மேலே, ரோகு நடுவில், மிர்கால் அடியில் இரை தேடும். விரல் நீளக் குஞ்சாக வாங்குங்கள். பொடிக்குஞ்சை விரால் தின்றுவிடும்.

குத்தகை மீனுக்குத்தான், கரை ஊருக்கு. பூங்கா என்று வேலி வந்தால் துணி துவைக்கிற, மாடு குளிப்பாட்டுகிற பெண்களுக்கு வழி எங்கே? முதலிலேயே கேளுங்கள். கழிப்பறையும் விளக்கும் கேளுங்கள், அது இல்லாத இடத்துக்குப் பெண்கள் வரமாட்டாங்க.

கூட்டத்தில் பேச: நம்ம ஏரி யார் பொறுப்பு? ஊராட்சியா, பேரூராட்சியா, நீர்வளத்துறையா? சாக்கடை எந்தப் பக்கமிருந்து வருது?