நஞ்சை அடையாளம் காணும் மென்படலம்

1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் ரப்பரை வாணிக நோக்கில் பயிரிட்ட முன்னோடி அவரே. பின்னர்ப் பெருகிய தோட்டங்களில் தமிழர் பலர் பால்மரம் வெட்டினர். களைகளை அழிக்க ‘மருந்து’ அடித்தனர். அம்மருந்து உண்மையில் நஞ்சாகும்.

அத்தகைய நஞ்சுகளுள் ஒன்று பாராகுவாட். அதனைச் சிறிதளவு விழுங்கினாலும் நுரையீரல் பாதிப்புறும். அதற்கு மாற்றுமருந்து இல்லை. மலேசியாவில் 2020 ஜனவரி முதல் நாள் அது முற்றாகத் தடை செய்யப்பட்டது. எனினும், வேறு களைக்கொல்லிகள் பயன்பாட்டில் உள்ளன. ஓடை நீரில் நஞ்சு கலந்திருந்தால் அதைக் கண்ணால் காண இயலாது. நீரை ஆய்வகத்திற்கு அனுப்பி முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். நீர் எடுக்கும் இடத்திலேயே நஞ்சைக் கண்டறிய முடியுமா?

அதற்கு ஒரு வழி, மூலக்கூறு அச்சிட்ட பாலிமர் மென்படலம். ஈரக் களிமண்ணில் ரப்பர் விதையை அழுத்தி எடுத்தால் அதன் வடிவில் ஒரு குழி எஞ்சும். அக்குழியில் ரப்பர் விதை கச்சிதமாக அமரும். செம்பனைக் கொட்டை அமராது. இப்படலமும் அவ்வாறே உருவாகிறது. முதலில், கண்டறிய வேண்டிய நஞ்சின் மூலக்கூறுகளைச் சுற்றிச் சிறு மூலக்கூறுகளை இணைத்துப் பாலிமராக இறுகச் செய்வர். பிறகு, நஞ்சைக் கழுவி அகற்றுவர். அதன் வடிவுக்கும் வேதியல் பண்புக்கும் ஏற்ற குழிகள் எஞ்சும். ஜெர்மானிய வேதியியலாளர் குந்தர் வுல்ஃப் 1972இல் இத்துறைக்கு வழிகோலினார்.

இப்படலத்தை மின்முனையின்மீது பூசுவர். நீரிலுள்ள நஞ்சு குழிகளில் அமர்ந்ததும் மின்னோட்டம் மாறும்; அம்மாற்றத்தைக் கருவி அளந்து காட்டும். படலம் மெல்லியதாக இருந்தால்தான் மூலக்கூறுகள் குழிகளை விரைவில் அடையும். கருவியும் விரைவில் விடை தரும்.

இம்முறைக்கும் குறை உண்டு. ஒத்த வடிவமுள்ள வேறு மூலக்கூறுகள் சில வேளைகளில் குழிகளில் புகுந்துவிடும். ஆற்றுநீரிலுள்ள மாசுகளும் குழிகளை அடைக்கலாம். ஆகவே, ஐயத்திற்குரிய முடிவை ஆய்வகத்தில் உறுதிப்படுத்துதல் அவசியம். இருப்பினும், எந்த நீரை உடனே ஆராய வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிவது பேருதவியாகும். ரப்பரும் இயற்கை தந்த ஒரு பாலிமரே. பாலிமரை விளைவித்த தோட்டங்களின் நீரைக் காக்கவும் ஒரு பாலிமரே துணைநிற்கக்கூடும்.