எஞ்சினைப் பிரிக்கும் முன் விசிறியைப் பாருங்கள், தம்பி

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் தங்கல் போய் வந்ததும் விசைப்படகுக்காரர்களிடம் வருஷா வருஷம் ஒரே பேச்சுதான்: "எஞ்சின் இழுக்கலை, கரும்புகை கக்குது, சூடு ஏறுது." உடனே மெக்கானிக் வருவார். பம்பைக் கழற்றுவார், நாசிலை மாற்றுவார். பில் கட்டிய பிறகும் படகு அதே நடைதான் நடக்கும். தம்பிகளா, எஞ்சினில் ஸ்பேனர் வைக்கும் முன் ஒருவர் தண்ணீரில் இறங்கி, படகைத் தள்ளும் விசிறியைத் தடவிப் பார்த்துவிடுங்கள். செலவு மிகக் குறைவு. பல சமயம் பதிலும் அங்கேயே கிடைத்துவிடும்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. குமரியின் மேற்குக் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதம். அத்தனை நாளும் வெதுவெதுப்பான துறைமுகத் தண்ணீரில் படகு அசையாமல் கிடக்கிறது. விசிறியிலும் அடிப்பலகையிலும் ஒட்டி வளரும் கொட்டலசுக்கு வேண்டியதும் அதுதான். அதன் குஞ்சு கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவில் தண்ணீரில் மிதந்து திரியும். கடைசிப் பருவத்தில் தின்பதையும் நிறுத்திவிட்டு, ஒட்ட ஓர் இடம் தேடுவதே வேலையாக அலையும். இடம் பிடித்துவிட்டால் தலைப்பக்கமாகப் பசை கக்கி ஒட்டிக்கொள்ளும். பிறகு தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புச் சுவர் எழுப்பும். ஓடுகிற விசிறியில் இதற்குப் பிடி கிடைப்பது கடினம். நிற்கிற விசிறியில் சில வாரங்களில் இதழ் முழுக்க வெள்ளை வெள்ளையாக மேடு தட்டிவிடும். விரலால் தடவினால் தோல் கிழியும்.

அந்தச் சொரசொரப்பு என்ன செய்கிறது? விசிறியின் இதழ் வழவழப்பாக இருந்தால்தான் தண்ணீர் அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஓடி, படகை முன்னே தள்ளும் விசை பிறக்கும். கொட்டலசு முளைத்தால் இரண்டு பக்கமும் நஷ்டம். தள்ளும் விசை குறைகிறது, விசிறியைச் சுற்ற வேண்டிய பலம் கூடுகிறது. அதிலும் இதழின் வெளிப் பாதி, தண்ணீரைக் கிழித்து நுழையும் முன்விளிம்பு, இந்த இரண்டு இடம்தான் முக்கியம். நடுக் குடத்தருகே நாலு கொட்டலசு இருந்தால் பெரிதாகத் தெரியாது. நுனிப்பக்கம் வேகம் அதிகம் என்பதால் அங்கே ஒரு மெல்லிய அடுக்கு ஒட்டினாலும் டீசல் கணக்கில் தெரிந்துவிடும். ஓர் இதழில் கூடவும் இன்னொன்றில் குறையவும் ஒட்டினால் அதிர்வு கிளம்பும். அது தண்டு, புஷ், கியர்பாக்ஸ் வரை போய் உதைக்கும்.

இப்போது எஞ்சின் பக்கம் வாருங்கள். டிரைவர் திராட்டிலை ஓர் இடத்தில் வைத்துவிடுகிறார். சுமை ஏறினால் ஆர்பிஎம் இறங்கப் பார்க்கும். பம்பில் இருக்கும் கவர்னர் அதை விடாது, கூடுதல் டீசலைத் தள்ளி ஆர்பிஎம்மைப் பிடித்து நிறுத்தும். அதனால் முதலில் டிரைவருக்கு எதுவும் தெரிவதில்லை, டீசல் மட்டும் கூடுதலாகப் போகிறது. டீசல் தள்ளும் எல்லையைத் தொட்ட பிறகுதான் ஆர்பிஎம் விழும். அந்த நிலையில் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லாமல் பாதி எரிந்து கரும்புகையாக வரும். புகைபோக்கியில் சூடு ஏறும், நாசில் முனையிலும் வால்விலும் டர்போவிலும் கரி பிடிக்கும். ஒரு சீசன் முழுக்க இப்படியே ஓட்டினால், விசிறியில் தொடங்கிய கோளாறு நிஜமாகவே எஞ்சின் கோளாறாகிவிடும். எனக்கு இதில்தான் மனசு ஆறுவதில்லை. சுரண்டி எடுத்தால் தீர்ந்திருக்கும் வேலைக்கு ஹெட் இறக்குகிற செலவு!

கணக்கு நோட்டு வைத்திருக்கும் தங்கச்சிகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். படகைக் கரையேற்றிச் சுத்தம் செய்து இறக்கிய அன்றைக்கே, வலை இறக்காமல், காற்று அமைதியாக இருக்கும் நேரத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முழு திராட்டிலில் ஆர்பிஎம் எவ்வளவு, ஜிபிஎஸ்ஸில் வேகம் எவ்வளவு, தண்ணீர்ச் சூடு எவ்வளவு, மணிக்கு எத்தனை லிட்டர். நீரோட்டம் ஏமாற்றாமல் இருக்கப் போகவும் வரவும் இரண்டு திசையிலும் வேகம் பார்த்துச் சராசரி எடுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பிறகு சந்தேகம் வரும்போதெல்லாம் அந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டால் போதும். முழு வேகம் 2000 ஆர்பிஎம் என்று தகட்டில் போட்ட எஞ்சின், சுத்தமான நாளில் அதைத் தொட்டுவிட்டு இப்போது 1800-க்கு மேல் ஏற மறுத்தால், அதோடு கரும்புகையும் வந்தால், ஏர் ஃபில்டரை மட்டும் கழற்றிப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தால் அடுத்து விசிறியும் அடிப்பலகையும்தான். புகையே இல்லாமல் இழுவை குறைந்தால் டீசல் ஃபில்டர் அடைத்திருக்கலாம். மெதுவாக ஓட்டும்போதே சூடு ஏறினால், கடல்தண்ணீர் எடுக்கும் வாயிலும் ஜாலியிலும் கொட்டலசு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

நடுக்கடலில் இது தெரியவந்தால் திராட்டிலை முறுக்காதீர்கள். விசிறியைச் சுற்றத் தேவைப்படும் சக்தி ஆர்பிஎம்மின் கன மடங்கில் ஏறும், இறங்கும். ஆர்பிஎம்மை 10 சதவீதம் குறைத்தாலே எஞ்சின் மேல் உள்ள சுமை ஏறக்குறைய கால் பங்கு இறங்கிவிடும். கொஞ்சம் தாமதமாகக் கரை சேருங்கள், எஞ்சின் பிழைக்கும்.

வெண்கல விசிறியில் செம்பு இருக்கிறதே, செம்பில் பூச்சி ஒட்டாதே என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தால்தான் அதன் விஷம் வேலை செய்யும். துரு அரிக்காமல் இருக்க நாம் மாட்டும் துத்தநாகக் கட்டி, விசிறியைக் கரையவிடாமல் காக்கிறது. அந்தக் காவலில் கொட்டலசும் நிம்மதியாக ஒட்டிக்கொள்கிறது. அதற்காகத் துத்தநாகத்தைக் கழற்றிவிடாதீர்கள், விசிறியே ஓட்டை ஓட்டையாக அரித்துப்போகும். பாதி தேய்ந்ததும் புதிது மாட்டுங்கள், அதன் மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள்.

சுத்தம் செய்யும்போது உளியும் சுத்தியலும் வேண்டாம். மரக்கட்டையோ கடினமான பிளாஸ்டிக் சுரண்டியோ போதும். மேலோட்டைத் தட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கொட்டலசு போன இடத்தில் வட்டமாக ஒரு வெள்ளைத் தழும்பு ஒட்டியிருக்கும், அதன் அடித்தட்டு. அதையும் எடுத்தால்தான் இதழ் இதழாக இருக்கும். ஈர எமரித் தாளில் நயமானதை வைத்து, நகத்தால் இழுத்தால் எங்கும் தட்டாத அளவுக்குத் தேயுங்கள். கிரைண்டரை முன்விளிம்பில் வைத்தால் இதழின் வடிவமே போய்விடும். தண்டைச் சுற்றி நரம்பு வலை சிக்கியிருக்கிறதா என்றும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

கரையேற்ற வசதியில்லாமல் படகைத் தண்ணீரிலேயே விடுகிறவர்கள், விசிறியைக் கெட்டியான கறுப்புப் பிளாஸ்டிக் பையால் மூடித் தண்டோடு கட்டி வைக்கலாம். வெளிச்சமும் புதுத் தண்ணீரும் போகாவிட்டால் ஒட்டுவது நன்றாகக் குறையும். 'பை கட்டியிருக்கிறது' என்று எழுதி எஞ்சின் சாவியில் ஓர் அட்டை தொங்கவிடுங்கள். ஃபைபர் படகில் வெளிப்பொருத்து எஞ்சின் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. வேலை முடிந்ததும் எஞ்சினைத் தூக்கி நிறுத்தினால் போதும்.

எஞ்சின் இழுக்கவில்லை என்று பட்டறையில் கொடுத்து விசிறியின் பிட்ச்சைக் குறைக்கச் சொல்வது எனக்குத் தெரிந்து மோசமான யோசனை. அழுக்கோடு அளந்து குறைத்துவிட்டால், பிறகு சுத்தமானதும் எஞ்சின் தறிகெட்டுச் சுற்றும், படகு வேகம் எடுக்காது.

கடைசியாக, இதை மட்டும் அக்காவுக்காகக் கேளுங்கள். ஒருவர் விசிறிக்கு அடியில் இருக்கும்போது மேலே யாரோ தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் உயிர் போய்விடும். பேட்டரி மெயின் சுவிட்சை அணைத்து, சாவியை எடுத்து, முழுகுகிறவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பக்கத்துப் படகுக்காரர்களிடமும் சொல்லிவிடுங்கள். கையுறை இல்லாமல், இருட்டில், மேலே ஆள் நிற்காமல் யாரையும் தண்ணீரில் இறக்காதீர்கள்.