பாட்டு மாறும்போது மிக்சரும் மாறட்டும்

தங்கச்சி, போன கிழமை போனில் அழாத குறையாகச் சொன்னாயே, "அக்கா, ஒரு கையால வாசிச்சிக்கிட்டு மத்தக் கையால மிக்சரப் பிடிக்க ஏலாம இருக்கு" என்று. நானும் கம்பளையில் அதே பாடு பட்டவள்தான். கோயில் திருவிழா, கல்யாணம், பாடசாலைக் கலைவிழா என எங்கே போனாலும் சவுண்ட்காரர் ஸ்பீக்கரை அடுக்கி, மைக்கை இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணிக்குப் போய்விடுவார். நாங்கள் பாட்டைத் தொடங்கும்போது தவில் மைக் திறந்தே கிடக்கும். பக்திப் பாட்டுக்கு வைத்த எக்கோ குத்துப் பாட்டிலும் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்து என்ன பாட்டு என்பது அந்த மேடையில் உன் கீபோர்டுக்குத் தெரியும். நீ பாட்டை மாற்றும் அதே பட்டன், மிடி வயர் வழியாக மிக்சருக்கும் "சீனை மாற்று" என்று சொல்லும். ஒவ்வொரு சீனிலும் எந்த மைக் திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும், எக்கோ எவ்வளவு என்று முதலே பதிந்து வைத்திருப்பாய். வேலை அவ்வளவுதான். பிழை வரும் இடங்கள்தான் கூட.

முதலில் சவுண்ட்காரருக்கு போன் பண்ணு. கண்டியிலிருந்து வாடகைக்கு வருகிற மிக்சர் டிஜிட்டலா, சாதாரண அனலாகா என்று கேள். அனலாக் என்றால் இந்தக் கதையை விட்டுவிடு. அந்த ஃபேடர்களை மிடியால் ஒன்றும் செய்ய முடியாது. டிஜிட்டல் என்றால், பின்பக்கத்தில் 5 பின் உள்ள வட்ட மிடி சொக்கட் இருக்கிறதா என்று பார்த்து போட்டோ அனுப்பச் சொல். யமஹா 01வி96, பெரிங்கர் எக்ஸ்32 இரண்டிலும் அது உண்டு. அலன் அண்ட் ஹீத் கியூ-16 போன்றவற்றில் மிடி இருக்கும், வட்ட சொக்கட் இருக்காது. யுஎஸ்பி அல்லது நெட்வேர்க் வயரில்தான் போகும். உன் கீபோர்டிலும் யுஎஸ்பி மட்டும் இருந்தால், இரண்டையும் நேராகச் செருகினால் பேசாது. நடுவில் லேப்டாப்போ, அதற்கென்று விற்கிற ஹோஸ்ட் பெட்டியோ வேண்டும். வட்ட வயர் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். மிடி வயர் கொண்டுவரும் சிக்னலை உள்ளே ஒளியால்தான் வாங்குகிறார்கள். அதனால் ஜெனரேட்டரில் ஓடும்போது வருகிற அந்த "ம்ம்ம்" இரைச்சல் அதன் வழியாக ஏறாது. யுஎஸ்பியில் ஏறும்.

வயரின் நீளத்துக்கு 15 மீட்டர்தான் கணக்கு. மிக்சரை மண்டபத்தின் கடைசியில் வைத்தால் எட்டாது. மேடையோரத்தில், உன் பக்கத்தில் வைக்கச் சொல். சத்தம் வெளியே எப்படிக் கேட்கிறது என்று பார்க்க ஒரு தம்பியை மண்டபத்தின் நடுவில் நிறுத்து.

இனி எண் விஷயம். கீபோர்ட் அனுப்புவதற்குப் பெயர் புரோகிராம் சேஞ்ச். மொத்தம் 128 எண். உள்ளே 0 முதல் 127 வரை, திரையில் பெரும்பாலும் 1 முதல் 128 வரை. 01வி96-இல் சீன்கள் 1 முதல் 99, ஆகவே 5 அனுப்பினால் 5 வரும். எக்ஸ்32-இல் சீன்கள் 00-இலிருந்து தொடங்கும், நீ 5 என்று அனுப்பியது அங்கே 04. நாவலப்பிட்டியில் சரியாக ஓடிய பாட்டு லிஸ்ட் புசல்லாவையில் ஒரு சீன் தள்ளி ஓடுவது இதனால்தான். எந்த மிக்சர் வந்தாலும் முதலில் மூன்று சீனைத் தட்டிப் பார்த்துவிட்டு மற்றதைச் செய்.

என் பெரிய அடி சேனலில். மிக்சரை எல்லா மிடி சேனலையும் கேட்கும்படி விட்டிருந்தேன். ஒரு கல்யாணத்தில் பாட்டின் நடுவே பியானோவிலிருந்து ஸ்ட்ரிங்ஸுக்கு மாறினேன். அந்த சவுண்ட் மாற்றமும் புரோகிராம் சேஞ்ச்தானே. மிக்சர் அதைத் தனக்கு வந்த கட்டளை என்று எடுத்து, ஏதோ ஒரு வெற்று சீனுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை மேடை ஏறுகிற நேரம் மண்டபமே ஊமை. அன்றைக்கு என் முகம் எப்படி இருந்தது என்று கல்யாண வீடியோவில் பத்திரமாக இருக்கிறது.

ஆகவே மிக்சருக்கென்று ஒரு சேனலை ஒதுக்கு. மற்ற எல்லாவற்றையும் அது கேட்காதபடி பூட்டு. சேனலை மாற்ற விடாத மிக்சர் என்றால் உன் வாசிப்பை அந்த வழியிலிருந்து நகர்த்து. யமஹா ஸ்டைல் கீபோர்டுகளில் தாளக்கட்டுகள் 9 முதல் 16 வரையான சேனல்களில் ஓடும். "16 காலியாகத்தான் இருக்கும்" என்று நினைத்துவிடாதே. கீபோர்டின் மிடி டிரான்ஸ்மிட் பக்கத்தில் அந்தப் பார்ட்களை நிறுத்து.

கால் பெடலையும் பார். வொலியூம் பெடல் பெரும்பாலும் கன்ட்ரோல் எண் 7 அல்லது 11-ஐ அனுப்பும். பெரிங்கரில் சேனல் ஃபேடர்களை 0-இலிருந்து எண்ணுகிறார்கள், அங்கே 7 என்றால் 8ஆவது ஃபேடர். நீ ஸ்ட்ரிங்ஸை ஏற்றுவதாக நினைத்து மிதிப்பாய், மிருதங்கம் ஏறும்.

ஃபேடரையே மிடியால் ஏற்றி இறக்கலாமே என்று கேட்பாய். வேண்டாம். மிடி 1983-இல் வந்தது. அந்த வட்ட வயரின் வேகம் இன்றைக்கும் நொடிக்கு 31,250 பிட்தான். ஒரு கட்டளைக்குக் கிட்டத்தட்ட 1 மில்லி செக்கன். இருபது ஃபேடரை ஒன்றாக ஆட்டினால் தாளத்தோடு சேர்த்து எல்லாம் வரிசையில் நிற்கும். அதோடு ஒவ்வொன்றுக்கும் 128 படிதான், மெல்ல இறக்கும்போது படிப்படியாக இறங்குவது காதில் கேட்கும். சீனை அழைப்பது ஒரே கட்டளை, மீதியை மிக்சர் உள்ளே செய்துகொள்ளும். மெல்ல மாற வேண்டுமா? 01வி96-இல் சீனுக்கு ஃபேட் நேரம் வைக்கலாம், 30 செக்கன் வரை. பாடகியின் குரலை ஏற்றி இறக்குவது மட்டும் கையால்தான். அவள் இன்றைக்குத் தொண்டை கட்டி வந்திருக்கிறாள் என்பது கீபோர்டுக்கு எங்கே தெரியும்?

மிக்சரின் சில மைக் சேனல்களையும் மெயினையும் சீன் தொடவே கூடாது. அறிவிப்பாளர் மைக், ஐயர் மைக், மெயின் ஃபேடர். இவற்றுக்கு மிக்சரில் "ரீகால் சேஃப்" போடு. எக்ஸ்32 என்றால் மைக் கெயினுக்கும் சேர்த்துப் போடு. அதில் கெயினும் சீனோடு மாறும். காலையில் வெற்று மண்டபத்தில் வைத்த கெயின் மாலையில் திரும்பி வந்தால் ஸ்பீக்கர் கூவத் தொடங்கும்.

மிடி வயர் கழன்றால் பயப்படாதே, மிக்சர் கடைசி சீனிலேயே நிற்கும். கரண்ட் போய் வருவதுதான் கரைச்சல். சில கீபோர்டுகள் திரும்ப ஓன் ஆகும்போது லிஸ்ட்டின் முதல் எண்ணைத் தானாகவே அனுப்பும். அதனால் முதல் சீனில் பாட்டு வைக்காதே. அறிவிப்பாளர் மைக் மட்டும் திறந்து, மற்றதெல்லாம் மூடிய சீன் அங்கே இருக்கட்டும். ஜெனரேட்டர் பிடிக்கும்வரை அவர் எதையாவது பேசி ஒப்பேற்றுவார், அவருக்கு அது புதிதா என்ன.

மொத்தம் ஆறு சீன் போதும். பாட்டுக்கு ஒன்று என்று நாற்பது செய்து வைத்துக்கொண்டு, ஒரு மைக் மாறினால் நாற்பதையும் திருத்திக்கொண்டு இராதே. அடுத்த ஞாயிறு கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வா. என்னிடம் வட்ட வயர் இரண்டு இருக்கிறது, நீளமானதை நீ எடுத்துக்கொள்.